மாணவருக்கு மனநல உதவி: நெல்லைப் பக்கம் எந்த வாசலில் எதற்கு நிற்பது?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் பயிற்சி பெற்ற 17 வயது மாணவி இறந்துபோன வழக்கில் வந்த தீர்ப்பு அது. தனிச்சட்டம் வரும்வரை பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாமே அந்த நெறிமுறைகளுக்குக் கட்டுப்பட்டவை. 100 மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் வெளியே உள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

உத்தரவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் வந்து சேரும்போது கேள்விகள் வேறுவிதமாக எழுகின்றன. "எங்க பிள்ளைக்கு இது கிடைக்குமா? வருமானச் சான்று வேணுமா? சர்டிபிகேட் வாங்கிட்டா நாளைக்கு வேலைக்கு இடைஞ்சலா?" வள்ளியூரில் கேட்டாலும் மேலப்பாளையத்தில் கேட்டாலும் இந்த மூன்றும் வரும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: சிகிச்சைக்கு நிற்கும் வரிசையும் சான்றுக்கு நிற்கும் வரிசையும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். அதனால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய பிள்ளை காகிதம் சேரும்வரை வீட்டில் இருக்கிறது. சான்று கிடைத்தால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறக்கூடிய பிள்ளையோ, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பத்தாம் வகுப்பில் தோற்கிறது.

சிகிச்சைக்குத் தகுதி கேட்கமாட்டார்கள்

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் காசு இல்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பள்ளியின் பரிந்துரைக் கடிதம் எதுவும் கட்டாயமில்லை. ஆதாரோ செல்பேசி எண்ணோ கேட்டால் அது பதிவுக்காக. மாவட்ட எல்லையும் தடையில்லை. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சுரண்டைப் பிள்ளையோ கடையநல்லூர்ப் பிள்ளையோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, வருவதை யாரும் தடுக்க முடியாது.

தகுதி என்ற பேச்சு எழுவது நான்கே இடங்களில்:

1. மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும்.
2. பொதுத்தேர்வுச் சலுகை.
3. காப்பீடு.
4. வயது வரம்புள்ள திட்டங்கள். தேசிய சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை. வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை.

பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, அறையை விட்டு வரவில்லை என்றால் இந்த நான்கும் அதற்குச் சம்பந்தமில்லாதவை. காலையில் கிளம்பிப் போக வேண்டியதுதான்.

யாரிடம் என்ன கிடைக்கும்

பள்ளி ஆலோசகர் பேசிக் கேட்பார், வழிகாட்டுவார், மேலே அனுப்புவார். நோய் இன்னதென்று எழுதித் தரமாட்டார். மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர். அறிவுத்திறன், கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்பவரும் பேச்சு வழிச் சிகிச்சை தருபவரும் இவர்தான். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவது இவர். பலகையில் 'சைக்காலஜிஸ்ட்' என்று எழுதியிருக்கும் எல்லோரும் கவுன்சில் பதிவு பெற்றவர்கள் இல்லை. சோதனைக்குப் பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எப்போது போவது, எப்போது வேறு வாசல்

பரீட்சைக்கு முந்தின நாள் கை நடுங்குவதற்கு டாக்டர் தேவையில்லை. மூன்றைக் கவனித்தால் போதும்: எவ்வளவு நாளாக, எத்தனை இடங்களில், எது நின்றுபோனது. இரண்டு வாரத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒன்றுபோல, முன்பு பிடித்த விளையாட்டோ சிநேகிதமோ நின்றுபோயிருந்தால் போக வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று உறுதியாகச் சொன்னாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, சாவு பற்றிப் பேசினாலோ இரண்டு வாரக் கணக்கே வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்னும் பிள்ளை எல்லாம் மனநோயாளி இல்லை. நம் பக்கத்தில் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் பார்த்து அடிக்கும் பள்ளிகள் இருந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. சாதி சொல்லி அடிபட்டவனுக்குத் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்து அதே பெஞ்சுக்குத் திருப்பி அனுப்புவது அநியாயம். அந்தப் பிள்ளைக்கு ஆலோசனையும் வேண்டும். அதற்கு முன்னால் பாதுகாப்பும், காவல் நிலையப் புகாரும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் நிவாரணமும் வேண்டும். பாலியல் தொல்லையும் அப்படித்தான். 1098ஐக் கூப்பிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் உள்ளே வரும். அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டியும், 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை எண்ணும் இதற்குத்தான்.

கஞ்சா, கூல் லிப் போன்ற பழக்கம் என்றால் 14446 தேசிய போதை மீட்பு உதவி எண். அதற்கும் மனநலப் பிரிவிலேயே சிகிச்சை உண்டு. பையனைப் பள்ளியை விட்டு நீக்கினால் பழக்கம் போகாது; கவனிக்க இருந்த ஆளும் போய்விடும்.

வாசல்கள்

1. 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். 24 மணி நேரமும், கட்டணம் இல்லை. 1800 891 4416 என்றும் கூப்பிடலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவை என்று பட்டால் அடுத்த நிலை வல்லுநருக்கு இணைப்பார், அல்லது அருகிலுள்ள மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார். பிள்ளையே நேராகக் கூப்பிடலாம். ஆசிரியரும் "இப்படி ஒரு மாணவன், நான் என்ன செய்வது?" என்று கேட்கலாம், அதற்கும் பதில் சொல்வார்கள். வைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "எங்க ஊருக்குப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி, என்னிக்குப் போகணும்?" இதைக் கேட்காமல் வைத்தால் பேச்சு ஆறுதலோடு முடிந்துவிடும். 104 மாநில சுகாதார உதவி எண். பொதுத்தேர்வு, நீட் முடிவு வரும் நாட்களில் மாணவருக்கு ஆலோசனை இதிலும் நடக்கிறது.

2. மாவட்ட மனநலத் திட்டம். 1996ல் நாட்டில் தொடங்கியது. மனநல மருத்துவர் உள்ள குழு வட்ட அளவிலான அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் குறித்த நாட்களில் வரும். அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ இருப்பவர் மாதாமாதம் மாத்திரைக்காகப் பாளையங்கோட்டை வர வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பயன். அந்த நாள் எது என்பதை உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. நாள் தெரியாமல் இரண்டு முறை வந்து திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

3. ஐகிரவுண்டு மனநலப் பிரிவு. முதல் மதிப்பீட்டுக்கும், சிக்கலான நிலைக்கும், சோதனைகளுக்கும் இதுவே நல்லது. குழந்தை மருத்துவம், நரம்பியல், காது மூக்கு தொண்டை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு அங்கேயே எழுதிவிடுவார்கள். புற நோயாளி சீட்டு காலையில்தான்.

4. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம். 2013ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பேச்சுத் தாமதம், ஆட்டிசம், கவனக்குறைவு போன்றவற்றைக் கண்டால் இங்கே அனுப்பும். சின்னப் பிள்ளைகளுக்குத் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் கை கொடுக்கும்.

5. வட்டார வள மையம். சமக்ர சிக்‌ஷாவின் சிறப்பாசிரியர்கள் இங்கே இருப்பார்கள். கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு பற்றிய சந்தேகம் என்றால் பள்ளி முதலில் தொடர்புகொள்ள வேண்டியது இவர்களைத்தான். அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம் எப்போது என்பதும் இவர்களுக்குத் தெரியும்.

கல்லூரி மாணவர் 18 தாண்டியவர். யார் சம்மதமும் இல்லாமல் தானே போகலாம்.

முதல் நாள் கையோடு கொண்டுபோக வேண்டியது

டாக்டருக்கு அதிகம் உதவுவது ஆசிரியர் எழுதிய அரைப் பக்கம். "படிப்பில் கவனமில்லை, நடத்தை சரியில்லை" என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. இப்படி எழுதினால் பிடிபடும்:

"ஒன்பதாம் வகுப்பு. ஜூன், ஜூலையில் ஒழுங்காக வந்தவன், ஆகஸ்டு முதல் திங்கள்கிழமைகளில் வருவதில்லை. வந்தாலும் மூன்றாம் பாடவேளைக்குப் பிறகு வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகக் கேட்கிறான். கணக்கில் 62 எடுத்தவன் இப்போது 18. கபடி அணியிலிருந்து தானாக விலகிவிட்டான். மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறான். சில நேரம் பேச்சுக்கு நடுவே சில நொடி விழித்தபடி நின்றுவிடுகிறான், கூப்பிட்டாலும் தெரிவதில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். சில நொடி நின்றுபோவது கவனக்குறைவாகவும் இருக்கலாம், ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். ஆசிரியர் எழுதாவிட்டால் டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் அது நடக்காது. நோய் இன்னதென்று ஆசிரியர் எழுத வேண்டாம். பார்த்ததை நாளோடும் எண்ணோடும் எழுதினால் போதும்.

இதோடு:

- பழைய மருந்துச் சீட்டுகள், ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனைகள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வாகவே தெரியும்.
- கண்ணாடி போடும் பிள்ளை என்றால் கண்ணாடி.
- தூக்கக் கணக்கு: ஒரு வாரத்துக்கு, படுத்த நேரம், எழுந்த நேரம். செல்பேசி எத்தனை மணி வரை என்பதும் சேர்த்து.
- நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ கொடுத்திருந்தால் அதன் பெயர் அல்லது பொட்டலம்.
- பிள்ளையோடு அன்றாடம் இருப்பவர். அப்பா வளைகுடாவிலும் அம்மா வேலையிலும் என்றால் ஆச்சிதான் எல்லாம் அறிந்தவர்; அவரையும் கூட்டிப் போங்கள்.

உள்ளே போனதும் டாக்டர் பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்பார். வெளியே இருங்கள். நீங்கள் இருக்கும்போது வராத பேச்சு அப்போதுதான் வரும்.

மருந்து எழுதினால் என்ன ஆகும் என்பதில்தான் அதிகம் பேர் பாதியில் விடுகிறார்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். வயிற்றுப் புரட்டல் மாதிரியான தொல்லைகளோ முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். நல்லது தெரியும் முன் தொல்லை தெரிவதால் பத்தாம் நாளில் நிறுத்திவிட்டு, "மருந்து ஒத்துக்கல" என்பார்கள். தொல்லை என்றால் நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. முதல் சில வாரங்களில் இளம் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிலருக்குப் பதற்றமோ தற்கொலை எண்ணமோ அப்போது கூடலாம். சரியாகிவிட்டது என்று பட்ட பிறகும் எவ்வளவு நாள் தொடர வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரைப் பட்டை பெரியவர் கையில் இருக்கட்டும்.

கோயில், தர்கா, சர்ச் விஷயத்தில் சண்டை வேண்டாம். உவரியிலோ பொட்டல்புதூரிலோ நேர்ந்துகொண்டவர்களை "இதையா அதையா" என்று நிறுத்தினால் பல வீடுகளில் ஆஸ்பத்திரிதான் விடுபடும். வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும், மாத்திரை மாத்திரையாகப் போகட்டும். விரதம் இருக்க வைப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. கட்டிப்போடுவது மட்டும் எந்தப் பெயரிலும் கூடாது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் கருகியதை இந்த மாநிலம் பார்த்துவிட்டது. 2017 சட்டம் சங்கிலியை அறவே தடை செய்கிறது.

சம்மதமும் ரகசியமும்

18 வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பள்ளியே நேராகக் கூட்டிப்போய் மருந்து தொடங்க முடியாது. உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு 2017 சட்டத்தின் 87ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு தகுதியான வல்லுநரும் தனித்தனியே பார்த்து ஒப்ப வேண்டும், பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். "சேர்த்துட்டா வெளியே விடமாட்டாங்க" என்ற பயம் பழைய காலத்தது. பெரும்பாலான மாணவருக்குச் சேர்க்க வேண்டிய தேவையே வராது.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலைக் காக்கிறது. புற நோயாளிச் சீட்டில் எழுதியது பள்ளிக்கோ, நாளை வேலை தருபவருக்கோ தானாகப் போகாது. பெண் பிள்ளை என்றால் "கல்யாணத்துக்குத் தடையாயிரும், கோட்டின்னு பேர் வந்துரும்" என்று தள்ளிப்போடும் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும். பள்ளி தரப்பில் செய்ய வேண்டியது, வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், ஆலோசகர் தாண்டி விவரம் போகாமல் பார்ப்பது. ஆசிரியர் அறையில் பேச்சாகிவிட்டால் மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயராகிவிடும்.

ரகசியம் செல்லாத இடமும் உண்டு. பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதனால் ஆலோசகரோ ஆசிரியரோ பிள்ளையிடம் "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா மட்டும், தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதே நேர்மை.

சான்று: எந்தப் பிள்ளைக்கு, எப்படி

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோய், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு நான்கும் இருக்கின்றன. பெரும்பாலான அரசுச் சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவு உண்டு.

மூன்று மாத மனச்சோர்வுக்குச் சான்று கிடைக்காது, தேவையும் இல்லை. மனநோய்க்கான அளவீடு, தன்னைக் கவனிப்பது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை அல்லது படிப்பு ஆகியவற்றில் உள்ள தடையோடு எவ்வளவு காலமாக நோய் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறது. மாணவரில் சான்று அதிகம் பயன்படுவது கற்றல் குறைபாட்டுக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும். கற்றல் குறைபாட்டுப் பிள்ளை வாயால் அழகாகப் பதில் சொல்லும். எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும், வரி விடும், நேரம் போதாது. இவர்களைத்தான் சோம்பேறி என்று அடிக்கிறோம்.

வழி இது:

1. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, ஆசிரியர் முதல்நிலைச் சோதனை செய்து சிறப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டும். எட்டு வயதுக்கு முன் கற்றல் குறைபாட்டுச் சான்று தருவதில்லை.
2. குழந்தை மருத்துவர் கண், காது, நரம்புக் கோளாறு இல்லை என்று பார்ப்பார்.
3. மருத்துவ உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை செய்வார். 2018 விதிமுறையில் 85க்கு மேல் வந்தால்தான் அடுத்து கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குப் போனார்கள்; அதற்குப் பதில் 2024ல் புதிய விதிமுறை வந்துவிட்டதால் இப்போதைய அளவை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் முடியாமல் போகலாம். பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டு வர வேண்டும். பசியோடு முதல் பஸ்ஸில் வந்த பிள்ளையின் மதிப்பெண் அதன் மதிப்பெண் ஆகாது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையைத் தமிழில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.
4. தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம். வீட்டில் முடியாவிட்டால் இ-சேவை மையம், அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2024ல் திருத்திய விதிகளின்படி அட்டையின் நிறமே அளவைச் சொல்லும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் மேலும் நீலம்.
5. சான்று வந்ததும் தலைமையாசிரியர் வழியாக, முதன்மைக் கல்வி அலுவலர் மூலம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குச் சலுகை விண்ணப்பம். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை குறைபாட்டைப் பொறுத்துக் கிடைப்பவை. சான்று இருந்தால் சலுகை தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது. தனியே கேட்டு ஆணை வாங்க வேண்டும்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் சின்ன இடங்களில். ஆதாரில் இனிஷியல் பின்னால், பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் முன்னால். பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியார் மையம் ஆயிரக்கணக்கில் வாங்கித் தரும் 'ஸ்லோ லேர்னர்' சான்று தேர்வுத் துறையில் செல்லாது. அரசு மருத்துவக் குழு தருவதுதான் செல்லும். அப்புறம் காலம். கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்றது 2018 விதிமுறை; 2024 விதிமுறைப்படி எப்போது என்பதைச் சான்று தரும் இடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 14 என்பது ஒன்பதாம் வகுப்பு. எட்டு வயதில் வாங்கி அலமாரியில் வைத்த சான்று, சரியாகப் பொதுத்தேர்வுக்கு முன் காலாவதியாகும். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே புதுப்பிக்கும் வேலையை ஆரம்பித்தால்தான் பத்தாம் வகுப்புக்குக் கோப்பு போய்ச் சேரும். தேர்வு நெருங்கி ஜனவரியில் ஓடினால் பிள்ளைக்கு அலைச்சல்தான் மிஞ்சும்.

இந்த ஏற்பாட்டில் விடுபடும் ஒரு கூட்டம் உண்டு, அதுதான் மனதை உறுத்துவது. அறிவுத்திறன் அளவு 70க்கும் 84க்கும் இடையில் இருக்கும் பிள்ளைகள். 2018 விதிமுறையில் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கு 85 தாண்ட வேண்டியிருந்தது. அறிவுத்திறன் குறைபாட்டிலோ இவர்களுக்கு அந்த விதிமுறை கொடுத்தது 25 சதவீதம். 40 வராது. எந்தச் சலுகையும் இல்லாமல் மற்றவர்களோடு ஒரே தாளை எழுதுகிறார்கள். இவர்களுக்குச் சான்று தேடி அலைவதை விட, சிறப்பாசிரியரின் உதவியும், பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லித்தருவதும், கைத்தொழில் படிப்புக்கான வழியைச் சீக்கிரமே காட்டுவதும் பலன் தரும்.

காப்பீடு

புற நோயாளிச் சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரியில் காப்பீடே தேவையில்லை. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு துணை நிற்கிறது: உடல் நோய்க்கு எந்த அடிப்படையோ மனநோய்க்கும் அதே அடிப்படை. மனநோய் என்ற காரணம் மட்டும் சொல்லி மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய்.

அவசரம்

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டாது. கேளுங்கள். "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே வீட்டை விட்டு எடுத்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். கொந்தளிக்கும் நேரம் பல பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரமே, அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். 14416ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டால் 108. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புளித்தண்ணீரும் உப்புத்தண்ணீரும் வேண்டாம். டப்பாவையோ பட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து "தெரியாம குடிச்சுட்டா" என்று மறைத்தால், உடலைக் காப்பாற்றி அனுப்பிவிடுவார்கள், மனநலப் பிரிவுக்கு எழுதமாட்டார்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. ஆஸ்பத்திரி தகவல் பதிவு செய்யும்; அதற்காகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, கேட்டால்தான் நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ இவற்றைக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்:

1. எங்கள் பள்ளியின் ஆலோசகர் யார், என்ன தகுதி, என்றைக்கு வருகிறார்? 100க்குக் குறைவான பள்ளி என்றால் எந்த வல்லுநரோடு தொடர்பு?
2. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை என்று நீதிமன்றம் சொன்ன பயிற்சி எப்போது நடந்தது?
3. 14416ம் 1098ம் வகுப்பறையிலும் விடுதியிலும் எழுதப்பட்டிருக்கின்றனவா?
4. மூன்றாம் வகுப்பில் கற்றல் குறைபாட்டுக்கான முதல்நிலைச் சோதனை நடந்ததா? ஒன்பதாம் வகுப்பில் சான்று புதுப்பிக்க வேண்டியவர்கள் யார் யார்?
5. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவில் என்ன செய்கிறீர்கள்?

பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் பள்ளியின் பெயர், மொத்த மாணவர் எண்ணிக்கை, உத்தரவு வந்த நாள் 25.07.2025, ஆலோசகர் இல்லை என்ற விவரம், இவை போதும். எந்தப் பிள்ளையின் பெயரையும் அதில் எழுத வேண்டாம்.